நாலு மணிப் பசிக்கு ஒரு டம்ளர் ரசம்

"மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. வந்த நாளிலிருந்து வீட்டில் யாருக்கும் பசி அடங்குவதில்லை. நாலு மணியானால் பிள்ளைகளுக்குப் பஜ்ஜி, அவருக்கு வர்க்கி, எனக்கு டீ. நான் மட்டும் ஐந்து கிலோ ஏறிவிட்டேன். மாமியாருக்குச் சர்க்கரை வேறு. நல்லதாக ஏதாவது செய்து கொடுக்கலாம் என்றால் இட்லி மாவு பொங்குவதில்லை, சுண்டல் வேகுவதில்லை. என்ன செய்யலாம்?" இதுதான் உங்கள் கேள்வி.

நான் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மலையேறியவன். குன்னூருக்கு மேலே ஒரு பள்ளி விடுதியில் 22 வருடம் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டேன். நூற்றைம்பது பிள்ளைகள். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் என் தலையிலும் விடிந்திருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவு, சுண்டல், பஜ்ஜி மூன்றையும் நீங்கள் தனித்தனிப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே சங்கிலியாகத்தான் தெரிகிறது. மாவு பொங்காத அன்று காலைப் பலகாரம் பிரெட்டும் ஜாமும். அது பத்து மணிக்கே கரைந்துவிடும். சுண்டல் வேகாததால் சாயங்காலம் கடலைமாவு டப்பாவைத் திறக்கிறீர்கள். ஆகவே என்ன சாப்பிடலாம் என்ற பேச்சுக்கு முன்னால் அடுப்பைச் சரி செய்வோம்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று தண்ணீர் கொதிக்கும் சூடும் குறையும். உங்கள் வீட்டில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. ஊட்டியில் இன்னும் குறைவு, 92-93. எவ்வளவு விறகு வைத்தாலும், கேஸை எவ்வளவு திறந்துவிட்டாலும் திறந்த பாத்திரத்தில் அதற்கு மேல் சூடு ஏறாது. தளதளவென்று கொதிக்கிறதே, பருப்பு ஏன் வேகவில்லை என்று குழம்புவது இதனால்தான்.

குக்கரும் இதற்குத் தப்பாது. கீழே 120 டிகிரியை ஒட்டிப் போகிற குக்கர் இங்கே இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே நிற்கும். அதனால் மதுரையில் எண்ணிய விசில் கணக்கை மறந்துவிடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். கீழே 15 நிமிடம் வைத்தது இங்கே 18 நிமிடம். ஊறவைக்கும்போதும் குளிர்ந்த தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றுங்கள். டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் கொண்டைக்கடலை இரவு முழுக்கக் கிடந்தாலும் பாதிதான் ஊறும். புளி, தக்காளி எல்லாம் பருப்பு மசிந்த பிறகு. புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு கெட்டிப்பட்டுப் போகும்.

ராஜ்மாவைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அரைவேக்காடாக இருந்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நான் சேர்ந்த முதல் வருடம், பெரிய அண்டாவில் திறந்தபடி வேகவைத்து, மேலே மசாலா மணக்க மணக்கப் பரிமாறினேன். அன்று ராத்திரி கழிவறை வாசலில் வரிசை நின்றது. அதற்குப் பிறகு ராஜ்மா என்றால் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றிக் குக்கரில்தான். நசுக்கினால் மாவாக வேண்டும். பல்லில் 'நறுக்' என்றால் திரும்ப மூடி வையுங்கள்.

சரி, மாவு. இட்லி மாவு பொங்குவதற்கு 28-30 டிகிரி சூடு இருந்தால் சுகம். உங்கள் சமையலறை குளிர்காலத்தில் 12 டிகிரியாக இருந்தால் மாவு என்ன செய்யும், அதுவும் போர்வைக்குள் படுத்துத் தூங்கும். விடுதியில் வெந்நீர் பாய்லருக்குப் பக்கத்துச் சந்தில் மாவுப் பாத்திரங்களை அடுக்குவோம். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். மீன் கடையிலோ மருந்துக் கடையிலோ ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்குங்கள். மீன் பெட்டி என்றால் இரண்டு நாள் வெயிலில் காயட்டும், நீங்கள் சைவமோ அசைவமோ, அந்த வாசனை மாவுக்கு ஆகாது. உளுந்தை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெதுவெதுப்பான நீரே தெளித்து அரையுங்கள். பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்துக் கையால் கலந்து, பாத்திரத்தைப் பெட்டிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர் பாட்டில் ஒவ்வொன்று. படுக்கப் போகும்போது பாட்டில் தண்ணீரை ஒருமுறை மாற்றினால் போதும். மதுரையில் எட்டு மணி நேரம் என்றால் இங்கே பதினாலு, பதினாறு மணி நேரம் கொடுங்கள். மதியம் அரைத்து மறுநாள் காலைக்கு என்று வைத்துக்கொள்வது உத்தமம். மாவின் மட்டத்தில் பாத்திரத்துக்கு வெளியே ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிடுங்கள், ஏறியதா என்று கண்ணுக்குத் தெரியும். இட்லிச் சட்டியின் ஆவியும் 94 டிகிரிதான் என்பதால் மூன்று நாலு நிமிடம் கூடுதலாக வேக விடுங்கள். பெட்டி எல்லாம் வம்பு என்று தோன்றுகிற மழை நாட்களில் அடை. அதற்குப் பொங்கவே வேண்டாம்.

இப்போது நாலு மணிக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

விடுதியில் நாலு மணி மணி அடித்ததும் பிள்ளைகள் மேட்டில் ஏறி மூச்சு வாங்க வருவார்கள். மூக்கு நுனி சிவந்திருக்கும், கை ஐஸாக இருக்கும். முதல் இரண்டு வருடம் நாங்கள் வைத்தது போண்டா, பன், பிஸ்கட். எத்தனை போட்டாலும் போதாது. நாலு போண்டா தின்றவன் ஐந்தாவதுக்குக் கை நீட்டுவான். அப்புறம் ஆறு மணிக்கு மறுபடி சமையற்கட்டு ஜன்னலில் நிற்பான். ஒருநாள் போண்டா தாமதமாகிவிட்டது. மதியம் மீந்த மிளகு ரசம் அண்டாவில் இருந்தது, அதைச் சூடாக்கி, "அதுவரைக்கும் இதைக் குடிங்கடா" என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தோம். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஆவியில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இருபது நிமிடம் கழித்துப் போண்டா வந்தபோது பெரும்பாலானவர்கள் இரண்டோடு எழுந்து போய்விட்டார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மலையில் நாலு மணிக்கு வருவது முழுப் பசி இல்லை. பாதி குளிர், கொஞ்சம் தாகம், மீதிதான் பசி. குளிரில் தாகம் உறைக்காது என்பதால் பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். உங்கள் வீட்டிலும் இன்றைக்குத் திறந்து பாருங்கள். உடம்பு கேட்பது சூடு. நாம் கொடுப்பது எண்ணெய். எண்ணெய்ப் பலகாரமும் சூடாக இருப்பதால் உடம்பு வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் சூடாக, நீர்க்க ஏதாவது ஒன்று. பத்து நிமிடம் கழித்துத் தின்பண்டம். இந்த வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள், வேறொன்றும் வேண்டாம், ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும். ரசம் என்றால் புளி குறைத்து, மிளகு சீரகம் தட்டிப் போட்டு, பூண்டு நாலு பல் நசுக்கியது. ஊட்டிப் பூண்டு, கொடைக்கானல் பூண்டு எது கிடைத்தாலும் சரி, கீழே கிடைக்கிற பூண்டைவிடக் காரம் கூடுதல். (கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.) காய் வேகவைத்த தண்ணீர், கேரட் நுனி, நூல்கோல் தண்டு, முட்டைக்கோஸின் உள் குருத்து எல்லாம் சேர்த்துக் கொதிக்க வைத்து வடிகட்டினாலும் நல்ல சூப்தான். காலையில் வைத்து பிளாஸ்கில் ஊற்றிவிட்டால் நாலு மணிக்கு நீங்கள் அடுப்பு பற்றவைக்கவே வேண்டாம். உப்பு மட்டும் கை அடக்கமாக.

டீயைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் 'எனக்கு டீ' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஐந்து கிலோவின் முகவரி அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தேயிலை மலையில் இருந்துகொண்டு டீ குடிக்காதே என்று சொன்னால் தேயிலைச் செடியே சிரிக்கும். ஆனால் எண்ணுங்கள். குளிருக்கு ஆறு டீ, டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் நாளுக்கு ஐம்பது கிராமை ஒட்டிப் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இரண்டு டீ பாலும் சர்க்கரையுமாகச் சுகமாகக் குடியுங்கள். மற்றவை பால் விடாத டீயாக, இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை இல்லாமல். நல்ல இலைத் தேயிலை வாங்கி, கொதிக்கவிடாமல் மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால் கசக்காது. தூளைப் போட்டுக் காய்ச்சிவிட்டு, சர்க்கரை இல்லாமல் குடிக்க முடியவில்லை என்று சொல்லக் கூடாது. சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளட்டும். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுக்கும்.

தின்பண்டத்துக்கு இங்கே மலையே கடை விரித்து வைத்திருக்கிறது. குன்னூர் மார்க்கெட்டில் பச்சைப் பட்டாணி வருகிற காலத்தில் தோலோடு இரண்டு கிலோ வாங்குங்கள். உரித்து, ஆவியில் வேகவைத்து, கடுகு தாளித்து, எலுமிச்சை பிழிந்தால் பத்து நிமிட வேலை. உரிக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், கால்வாசி பச்சையாகவே வாய்க்குள் போய்விடும், அதுவும் நமக்கு லாபம். பட்டர் பீன்ஸ் சுண்டலும் அப்படித்தான், ஆனால் அதைக் குக்கரில் நன்றாக வேகவைக்க வேண்டும். கேத்திப் பக்கத்துக் கேரட்டை இலையோடு கட்டாக வாங்கினால், அன்றைக்கே நீளநீளமாக வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடலாம். மூன்று நாள் பிரிட்ஜில் கிடந்த கேரட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் காய் தின்பதில்லை என்று குறைப்பட வேண்டாம், அதை நானும் தின்ன மாட்டேன்.

உருளைக்கிழங்கை ஊரே திட்டுகிறது. அது பாவம். நூறு கிராம் வேகவைத்த கிழங்கில் ஏறக்குறைய 85 கலோரி. அதே நூறு கிராம் சிப்ஸில் 500-க்கு மேல். கிழங்கு செய்த குற்றம் எதுவுமில்லை. தோலோடு வேகவைத்து, ஆறவிட்டு, துண்டாக்கி, தவாவில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் பிரட்டுங்கள். ஆறவிடச் சொல்வது சும்மா இல்லை. ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வடிவுக்கு மாறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் கொஞ்சம் குறையும். மேலே தூவ 'மாஸ் ஹுடி' கிடைக்கிறதா பாருங்கள். நீலகிரியின் படகர் சமூகத்து வீடுகளில் வறுத்து அரைக்கிற மசாலாப் பொடி. கோத்தகிரி, குன்னூர் கடைகளிலேயே விற்கிறார்கள். அதைத் தூவிய கிழங்குக்கு முன்னால் பாக்கெட் சிப்ஸ் நிற்காது.

படகர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. விடுதிக்குக் காய் கொடுத்தவர் வீட்டுக்கு, கோத்தகிரி ரோட்டில் இருக்கிற ஒரு ஹட்டிக்கு (படகர் ஊரை அப்படித்தான் சொல்வார்கள்), ஒருமுறை போயிருந்தேன். அவருடைய அம்மா கேழ்வரகுக் களி கிண்டினார், 'ஹிட்டு' என்பார்கள். தண்ணீர் கொதித்ததும் மாவை நடுவில் குவியலாகக் கொட்டினார். உடனே கிளறவில்லை. மூடி வைத்து, மாவுக் குவியல் நடுவே தண்ணீர் பொத்துக்கொண்டு வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கோலைப் போட்டார். ஒரு கட்டி இல்லை. அதோடு அவரைப் பருப்பும் கிழங்கும் போட்ட குழம்பு. எனக்கு அரை உருண்டை வைத்தார். அவர் முழு உருண்டை சாப்பிட்டார். நான் பார்த்த பார்வையைக் கண்டு, காலை எட்டு மணியிலிருந்து கொழுந்து பறித்துவிட்டு வந்திருக்கிறேன், நீ ஜீப்பில் வந்தாய் என்றார்.

இதை உங்களுக்குச் சொல்லக் காரணம் உண்டு. கேழ்வரகு நல்லது, சந்தேகமே இல்லை. நூறு கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து, வளர்கிற பிள்ளைக்கு வேறென்ன வேண்டும். ஆனால் அது இளைக்க வைக்கிற சாப்பாடு இல்லை, உழைக்கிறவர் சாப்பாடு. முக்கியமாக, மாமியாருக்குக் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சியது எதுவாக இருந்தாலும் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். அவருக்கு அதே மாவில் கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு ஒரு சின்ன அடை. இல்லாவிட்டால் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை. இன்னொன்று, அவர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் என்றால், சாயங்காலப் பலகாரத்தை டாக்டரிடம் கேட்காமல் அடியோடு நிறுத்த வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும், ஏறுவதைவிட அது ஆபத்து.

இந்த 'ஆரோக்கிய மாற்று' என்ற பெயரில் விற்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. நாட்டுச்சர்க்கரை போட்ட குக்கீஸில் இருப்பதும் சர்க்கரைதான். பழுப்பு நிறப் பிரெட்டில் நிறத்துக்காகவே கேரமல் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அட்டையில் முதலில் எழுதியிருப்பது மைதாவா முழுக் கோதுமையா என்று பாருங்கள், முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள். தேன் மலைத்தேனாகவே இருந்தாலும் சர்க்கரை நோயாளிக்கு அது சர்க்கரைக் கணக்கில்தான் வரும். பட்டர் ஃப்ரூட்டையும் சொல்லிவிடுகிறேன். அதில் இருப்பது நல்ல கொழுப்பு. ஆனால் பாலும் நாலு ஸ்பூன் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்த்து ஜூஸாக அடித்தால் நல்லது எங்கே மிஞ்சும்? அரைப் பழத்தை மசித்து, உப்பு, மிளகு, எலுமிச்சை, பொடியாக நறுக்கிய வெங்காயம் சேர்த்துச் சப்பாத்தியில் தடவிக் கொடுங்கள். மரத்தக்காளி கிடைத்தால் சுட்டுத் தோலுரித்துத் துவையல் அரையுங்கள். தேங்காய்ச் சட்னிக்கு ஒரு மாற்று ஆயிற்று.

உங்கள் வீட்டுக்காரரின் வர்க்கிக்கு நான் மாற்று சொல்லப் போவதில்லை. மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும் சேர்த்து, மடித்து மடித்து அடுக்காக்கி, விறகு அடுப்பில் சுட்ட பண்டம் அது. அதற்கு ஓட்ஸில் ஒரு மாற்று செய்தால் இரண்டையும் அவமதித்ததாகும். வனஸ்பதியில் இருக்கும், இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அந்த அளவுக்கு நல்லது. ஆனாலும் கொழுப்பு கொழுப்புதான். பிரச்சினை அரைக் கிலோவாக வாங்குவதில் இருக்கிறது. ஐப்பசி மழையில் பாக்கெட்டைப் பிரித்தால் மறுநாளே நமத்துப்போகும், நமத்துப்போகுமே என்று அவசர அவசரமாகத் தின்று தீர்ப்பார்கள். வாரத்துக்கு இரண்டு நாள், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ எண்ணிக்கையில் வாங்கி வரச் சொல்லுங்கள். பேக்கரி வரைக்கும் நடந்து போய்.

கடைசியாகப் பஜ்ஜி. அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் அந்த ஆசை வந்தால் குழிப்பணியாரச் சட்டி. அடை மாவில் துருவிய கேரட், வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு, குழிக்குச் சொட்டு எண்ணெய் விட்டு, மூடி போட்டு வேகவிட்டால் மொறுமொறுப்பும் கிடைக்கும், சூடும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பஜ்ஜியிலும் மலை ஒரு சேட்டை செய்யும். காய்க்குள் இருக்கிற தண்ணீர் இங்கே 94 டிகிரியிலேயே ஆவியாகிவிடுவதால் உள்பக்கம் அதற்கு மேல் சூடாகாமல் மெதுவாகத்தான் வேகும். எண்ணெயோ வழக்கமான சூட்டில் வெளியே சிவக்க வைத்துவிடும். அதனால்தான் இங்கே கடைப் பஜ்ஜி பல நேரம் மேலே கருகி உள்ளே மாவாக இருக்கிறது. அதற்குப் பயந்து தீயை ஒரேயடியாகக் குறைத்தால் எண்ணெய் குடிக்கும். வாழைக்காயானாலும் கிழங்கானாலும் மதுரையில் வெட்டியதில் பாதிக் கனத்துக்கு வெட்டுங்கள். கிழங்கை அரை வேக்காடு வேகவைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாவு தோய்ந்து சொட்டாமல், மேலே பூசியது போல இருந்தால் போதும். முதல் ஈட்டில் ஒன்றே ஒன்று போட்டு எடுத்துப் பிட்டுப் பாருங்கள். உள்ளே மாவு விரலில் ஒட்டினால் சட்டியை அரை நிமிடம் அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். அதற்கு முன்னால் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் ரசம் போயிருக்க வேண்டும், அதை மறந்துவிட வேண்டாம்.